அரை மணி நேரம் உங்களாலும் முடியும்!

"ஆபீஸிலே எல்லாரும் சேர்ந்து தொடர் ஓட்டம் ஓடப் போறாங்களாம், அக்கா. கேன்சர் நோயாளிகளுக்கு நிதி திரட்டறாங்க. என் பேரையும் டீமிலே சேர்த்துட்டாங்க. ரெண்டு பிள்ளை பெத்த நான் இனிமே எங்கே ஓடறது? பணத்தைக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கலாம்னு பார்க்கறேன்" என்று அலுத்துக்கொண்டாள் பக்கத்து வீட்டுப் பெண். பாங்கியில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் அறியாதவள்!

அவளுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு டாக்டர் ஓடினார்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா என்று ஓர் ஊர். அங்கே கோர்டி கிளாட் என்று ஒரு டாக்டர் இருந்தார். பெருங்குடல் அறுவை சிகிச்சை நிபுணர். புற்றுநோய் ஒரு குடும்பத்தை எப்படி ஆட்டி வைக்கும் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு நிதி திரட்ட ஆசைப்பட்டார். என்ன செய்யலாம்? அவருக்குப் பிடித்த காரியம் நீண்ட தூர ஓட்டம். அதையே செய்தார். 1985-ஆம் ஆண்டு மே மாதம், உள்ளூர்ப் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 24 மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓடினார். 83 மைல்! நம் கணக்கில் சுமார் 134 கிலோ மீட்டர்.

இதில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. 25 டாலர் கொடுத்தவர்கள் அரை மணி நேரம் அவரோடு சேர்ந்து ஓடலாம். ஓட முடியாதவர்கள் நடக்கலாம். இப்படியாக 27,000 டாலர் சேர்ந்துவிட்டது.

ஓடும்போதே டாக்டருக்கு ஒரு யோசனை. 'நான் ஒருவன் ஏன் 24 மணி நேரம் ஓட வேண்டும்? ஒரு குழுவாகச் சேர்ந்து, முறை வைத்து ஓடினால் எத்தனை பேர் பங்கெடுத்துக்கொள்ளலாம்!' மறு ஆண்டே, 1986-இல், 19 குழுக்கள் களத்தில் இறங்கின. 33,000 டாலர் வசூல். பணம் கொஞ்சம்தான் கூடியது. ஆனால் கைகள் எத்தனை மடங்கு கூடிவிட்டன, பாருங்கள்! அந்தத் தொடர் ஓட்டம் பிறகு பல நாடுகளுக்குப் பரவி, 500 கோடி டாலருக்கும் மேல் திரட்டியிருக்கிறது.

ஒரே ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், பள்ளி ஆசிரியைகள் என்று குழுகுழுவாக வருவார்கள். குழுவில் யாராவது ஒருவர் களத்தில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். முதல் சுற்று, நோயை வென்று வந்தவர்களுடையது. இருட்டிய பிறகு, நோயில் இறந்தவர்களின் பெயர் எழுதிய காகிதப் பைகளுக்குள் விளக்கேற்றி, ஓடுபாதை ஓரமாக வரிசையாக வைப்பார்கள். 2012-இல் டாக்டர் கிளாட்டுக்கே வயிற்றில் புற்றுநோய் கண்டது. 2014-இல் அவர் காலமானார். அவர் தொடங்கிய ஓட்டம் நிற்கவில்லை.

"24 மணி நேரம் ஓட அந்த டாக்டராலேதான் முடியும். ஆனா மத்தவங்க கொடுத்தது அரை மணி நேரம்தானே? உன்னாலே முடியாதா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. "என்ன ஷூ வாங்கணும், அக்கா?" என்றாள்!

எப்படித் தயாராவது?

உங்களுக்கும் இப்படி ஒரு வாய்ப்பு வந்தால், எட்டு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் வேகமான நடை மட்டும். பிறகு ஒரு நிமிஷம் மெல்லோட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு வரவில்லையா? வேகம் அதிகம் என்று அர்த்தம். வாரத்தில் மூன்று நாள் ஓடினால் போதும். இடையில் ஓய்வு அவசியம்.

பிரசவமாகி மூன்று மாதமாவது ஆகாமல் ஓட்டம் வேண்டாம். சிசேரியன் ஆனவர்கள், ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடினால் மார்பு கனக்காது. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நின்றுவிட வேண்டும். மானம் போகாது, அடுத்தவர் ஓடுவார். அதற்குத்தானே குழு!

புது ஷூவை அன்றைக்கென்று எடுத்து மாட்டாதீர்கள், கால் கொப்பளித்துவிடும். இரண்டு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் அமிர்தம்!

பணம் வசூலிக்கும்போது ரசீது கொடுங்கள். எவ்வளவு வந்தது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் கணக்கு எழுதிப் போடுங்கள். அடுத்த ஆண்டு கேட்காமலே தருவார்கள்.

வீட்டிலும் ஒரு குழு

இத்தனையும் சரி. காலை ஐந்தரை மணிக்கு அவள் பயிற்சிக்குப் போனால், பாலை யார் காய்ச்சுவது? சின்னவன் அழுதால் யார் தூக்குவது? பெண்கள் பின்வாங்குவது கால் வலியால் அல்ல, இந்தக் கேள்வியால்தான்.

பக்கத்து வீட்டில் இதற்கும் வழி கண்டார்கள். அடுப்பு கணவருடைய பொறுப்பு. குழந்தை மாமியார் இடுப்பில். "நீ போய் வாம்மா. எங்கக்கா இந்த நோயிலேதான் போனா. அவளுக்காக ஒரு சுற்று ஓடிட்டு வா" என்றார் அந்த அம்மாள். அதுவரை அந்தப் பெண்ணுக்கே அது தெரியாதாம்!

போட்டி நாளன்று அவள் குழு கடைசிக்கு முந்தைய இடம். அவள் பாதி தூரம் ஓடினாள், பாதி தூரம் நடந்தாள். கையிலிருந்த கோலை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

சகோதரிகளே, வீட்டு வேலையும் தொடர் ஓட்டம்தான். ஆனால் அதில் கோல் எப்போதும் நம் கையிலேயே இருக்கிறது. ஒரு நல்ல காரியத்துக்காக அரை மணி நேரம் அதை இன்னொருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். வாங்கிக்கொள்ள ஆள் இருப்பது அப்போதுதான் தெரியும்.