டர்போவை மாற்றும் முன் ஹோஸைப் பாருங்கள்

வாரம் இருமுறை கொள்முதலுக்கு ஓடும் நம் வணிகர்களில் பலர் பழைய டீசல் கார்தான் வைத்திருக்கிறோம். மாருதி நிறுவனம் ஸ்விஃப்ட் காரில் டீசல் எஞ்சினை 2007-இல் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில் டீசல் கார்களையே கைவிட்டது. இத்தகைய வண்டிகளுக்கு வயதாகிவிட்டது. வயதானால் வரும் தொல்லைகளில் முக்கியமானது, டர்போவின் காற்றழுத்தம் குறைவது. இதில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதை எங்கள் அனுபவத்திலிருந்தே சொல்கிறோம்.

சேலம் லீ பஜாரில் வேலையை முடித்துக்கொண்டு தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. நான்காம் கியரில் ஏறுகிற வண்டி இரண்டாம் கியருக்கு இறங்கிவிட்டது. பின்னால் ஒரே கரும்புகை. மறுநாள் ஒர்க்ஷாப்பில் பானெட்டைத் திறந்து பார்த்தவர், "டர்போ போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்றார். அவர் சொன்ன தொகை எங்கள் கடையின் இரண்டு மாத வாடகைக்கு மேல். யோசித்துச் சொல்கிறோம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு, அனுபவமுள்ள வேறொரு மெக்கானிக்கிடம் போனோம்.

டர்போ செய்யும் வேலை இதுதான்: வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்று ரப்பர் ஹோஸ் வழியாக இன்டர்கூலருக்குப் போய், குளிர்ந்து, எஞ்சினுக்கு வருகிறது. வழியில் எங்கே கசிந்தாலும் பழி டர்போவின் மேல்தான் விழும்.

புகையைக் கவனியுங்கள்

இழுவை குறைந்து கரும்புகை வந்தால், பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறை. இழுவை குறைந்தும் புகை இல்லையென்றால் டீசல் ஃபில்டர் அடைப்பையும் பார்க்க வேண்டும். நீலப்புகை வந்து ஆயில் குறைந்தால் டர்போவின் மேலேயே சந்தேகம் கொள்ளலாம். அப்போது வண்டியை ஓட்டாதீர்கள். உடைந்த துண்டுகளோ ஆயிலோ எஞ்சினுக்குள் போனால் எஞ்சினே பாழாகிவிடும்.

சாக்கின் எடையைக் கழியுங்கள்

அந்த மெக்கானிக் முதலில் ஸ்கேனரை மாட்டினார். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டபோது சுமார் 1000 மில்லிபார் காட்டியது. அது வெளிக்காற்றின் அழுத்தம். டர்போ கொடுத்தது அல்ல. பல ஸ்கேனர்களில் இப்படித்தான் காட்டும். மூட்டையை எடை போட்டுச் சாக்கின் எடையைக் கழிப்பது போல இந்த 1000-ஐக் கழித்த பிறகுதான் டர்போவின் கணக்கு. ஓட்டிப் பார்த்தபோது, எஞ்சின் கேட்டது 2000-க்கு அருகில், கிடைத்தது 1300. ஆயிரம் வர வேண்டிய இடத்தில் முந்நூறுதான் வந்தது.

வரிசையாகப் பாருங்கள்

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவதே முறை.

1. ஏர் ஃபில்டர். மாவுத் தூசியும் தெருப் புழுதியும் உள்ள கடைவீதியில் நிற்கும் வண்டிக்கு இது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

2. ஹோஸ்களும் கிளாம்புகளும். ஏற்றத்தில் 'புஸ்' என்று சத்தம் வருகிறதா, ஹோஸின் வெளிப்புறம் ஆயில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இலேசான ஆயில் ஈரம் இருப்பது வழக்கம். அதைக் காட்டி டர்போ போய்விட்டது என்றால் நம்ப வேண்டாம்.

3. வாக்குவத்தால் டர்போவைக் கட்டுப்படுத்தும் வண்டிகளில் மெல்லிய வாக்குவம் குழாய்கள். சிறு வெடிப்பு இருந்தாலே அழுத்தம் குறையும்.

4. காற்றழுத்த சென்சாரும் இ.ஜி.ஆர். வால்வும். கரி படிந்து வால்வு திறந்தே நின்றுவிட்டால், நல்ல காற்று வர வேண்டிய இடத்தில் புகை திரும்பி வரும்.

5. சைலன்சர் பக்கம் அடைப்பு, அல்லது டர்போவுக்கு முன்னால் புகைக் கசிவு.

6. கடைசியாகத்தான் டர்போ. எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸைக் கழற்றித் தண்டை ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கைகள் சுவரில் உரசியிருந்தாலோதான் மாற்ற வேண்டும்.

எங்கள் வண்டியின் குறை இரண்டாவது படியிலேயே தெரிந்துவிட்டது. இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம், கண்ணில் படாத வளைவில், இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. நிற்கும்போது மூடிக்கொள்ளும், அழுத்தம் ஏறியதும் வாயைத் திறக்கும். புது ஹோஸும் கிளாம்பும் போட்டதற்குக் கூலியோடு சேர்த்து, டர்போவுக்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அடுத்த வாரம் தொப்பூரில் வண்டி பழையபடி ஏறியது.

முதலில் பார்த்தவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டோம். சோதிக்காமல் சொன்னார், அவ்வளவுதான். பட்டியலைச் சரிபார்க்காமல் நாம் எந்தச் சரக்குக்கும் பணம் கொடுப்பதில்லை. ஒர்க்ஷாப்பிலும் அப்படியே இருப்போம். "ஸ்கேனரில் என்ன காட்டியது? ஹோஸைப் பார்த்தீர்களா? தண்டு ஆடுகிறதா?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்ட பிறகே கல்லாவைத் திறப்போம்.