100 இணையதளங்களில் 43 ஒரே மென்பொருளில் ஓடுகின்றன! சாவி யார் கையில்?

உலகத்தில் உள்ள இணையதளங்களில் 100-ஐ எடுத்துக்கொண்டால், அவற்றில் ஏறக்குறைய 43 தளங்கள் ஒரே மென்பொருளில் ஓடுகின்றன.

அந்த மென்பொருளின் பெயர் "வேர்ட்பிரஸ்".

அதன் விலை? ஒரு பைசா கூட இல்லை! யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தேவைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். மற்றவருக்கும் கொடுக்கலாம்.

அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகை தளம் 2017-ம் ஆண்டு டிசம்பர் முதல் இதில்தான் இயங்குகிறது. விண்வெளிக்கு ராக்கெட் விடும் "நாசா"வும் 2023-ம் ஆண்டில் தன் தளத்தை இதற்கு மாற்றிக்கொண்டது. மும்பையில் சிறிய மெஸ் நடத்துகிறவரும், ஊர்ச் சங்கம் வைத்திருப்பவரும் பயன்படுத்துவது இதே மென்பொருளைத்தான்.

ஆனால், மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் அதைப் பூட்டித் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

40 பக்கம், 40 திருத்தம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வசதி 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி வந்தது. அந்த நாட்களில் இணையதளம் என்றால், ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எழுதவேண்டும். விஷயத்தை மட்டும் எழுதினால் போதாது. எழுத்து எவ்வளவு பெரிது, என்ன நிறம், படம் எந்த இடத்தில் என்பதை எல்லாம் "எச்.டி.எம்.எல்." என்ற குறியீட்டில் சேர்த்து எழுதவேண்டும்.

ஒரு கம்பெனியின் தளத்தில் 40 பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கத்தின் அடியிலும் கம்பெனியின் டெலிபோன் நம்பர் இருக்கும். நம்பர் மாறிவிட்டால்? பெரும்பாலும் 40 பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, 40 முறை திருத்தவேண்டும். இதற்கென்றே "வெப் மாஸ்டர்" என்று ஓர் ஆள் இருப்பார். அவர் லீவில் போய்விட்டால், திரும்பி வரும்வரை பழைய நம்பர்தான்!

இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தவைதான் தளத்தை நிர்வகிக்கும் மென்பொருள்கள். சுருக்கமாக "சி.எம்.எஸ்." என்பார்கள்.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கம்பெனியின் பெயர், முகவரி எல்லாம் அச்சடித்த லெட்டர்ஹெட் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் டைப் செய்யவேண்டிய விஷயம் வேறாக இருக்கிறது. கடிதத்துக்குக் கடிதம் விஷயம்தான் மாறும், லெட்டர்ஹெட் மாறாது. சி.எம்.எஸ். செய்வதும் அதேதான். விஷயத்தை எல்லாம் ஒரு பதிவேட்டில் வைத்துக்கொள்கிறது. தோற்றத்தைத் தனியாக வைத்துக்கொள்கிறது. யாராவது தளத்தைத் திறந்தால், அந்த நொடியில் இரண்டையும் சேர்த்துப் பக்கமாக்கிக் காட்டுகிறது. டெலிபோன் நம்பரை ஓரிடத்தில் மாற்றினால் போதும், 40 பக்கத்திலும் மாறிவிடும்.

என்ஜினீயர் கையில் இருந்த இணையதளம் இப்படித்தான் குமாஸ்தாவின் கைக்கு வந்தது. டைப் செய்யத் தெரிந்தவர், செய்தியைக் கட்டத்துக்குள் அடித்து, "வெளியிடு" என்ற பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது.

மானேஜர் முதல் உதவியாளர் வரை

வேர்ட்பிரசுக்குள் ஓர் ஆபீசே இருக்கிறது என்று சொல்லலாம்.

நிர்வாகி, ஆசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என்று ஐந்து படிகள் உண்டு. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. எழுத்தாளர் தான் எழுதியதைத் தானே வெளியிடலாம். மற்றவர் எழுதியதைத் தொடமுடியாது. ஆசிரியர் எல்லோர் எழுத்தையும் திருத்தலாம், வெளியிடலாம். ஆனால் தளத்தின் அமைப்பில் கைவைக்க முடியாது. எல்லா அதிகாரமும் நிர்வாகிக்கு மட்டுமே! ஒருவரைச் சேர்ப்பது, நீக்குவது, தளத்தின் தோற்றத்தை மாற்றுவது எல்லாம் அவர் இஷ்டம்.

இந்தப் படிகள் இருப்பது தெரியாமலே பல இடங்களில் வேலை நடக்கிறது. ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் — ஆபீசில் ஐந்து பேருக்கும் அதுவேதான். போன வருஷம் வேலையை விட்டுப் போனவருக்கும் அது ஞாபகம் இருக்கும்!

19 வயது வாலிபர்

இந்த மென்பொருள் பிறந்த கதை சுவையானது.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த மிசெல் வால்ட்ரிகி என்பவர் "பி2" என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்திருந்தார். ஒரு கட்டத்தில் அவர் அதைக் கவனிப்பதை நிறுத்திவிட்டார். அதைப் பயன்படுத்தியவர்கள் திண்டாடினார்கள். அவர்களில் ஒருவர் மேட் முல்லன்வெக். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்தவர். 2003-ம் ஆண்டு ஜனவரி மாதம், "இதை நாமே எடுத்து வளர்த்தால் என்ன?" என்ற யோசனையை அவர் எழுதினார். இங்கிலாந்தில் இருந்து மைக் லிட்டில் என்பவர் "நானும் வருகிறேன்" என்றார்.

2003-ம் ஆண்டு மே மாதம் 27-ந்தேதி முதல் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. அப்போது முல்லன்வெக்குக்கு வயது 19. சாக்சபோன் வாசிப்பதில் அவருக்கு ஆர்வம் அதிகம். அதனால் வேர்ட்பிரசின் பெரிய பதிப்புகளுக்கு "ஜாஸ்" இசைக் கலைஞர்களின் பெயரைச் சூட்டுவது வழக்கமாகிவிட்டது.

மறு ஆண்டே அதிர்ஷ்டம் அடித்தது. அப்போது செல்வாக்கோடு இருந்தது "மூவபிள் டைப்" என்ற மென்பொருள். 2004-ம் ஆண்டு மே மாதம் அது தன் புதிய பதிப்புக்குக் கட்டண விதிகளைக் கொண்டுவந்தது. பயன்படுத்தியவர்கள் கொதித்தார்கள். கூட்டம் கூட்டமாக வேர்ட்பிரஸ் பக்கம் வந்துவிட்டார்கள்.

தோற்றத்தை மாற்றும் "தீம்", புது வசதியைச் சேர்க்கும் "பிளக்-இன்" இரண்டும் அடுத்தடுத்து வந்தன. இன்று இலவசமாகக் கிடைக்கும் பிளக்-இன்கள் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல்.

எப்படி வளர்ந்தது?

"டபிள்யூ3டெக்ஸ்" என்ற நிறுவனம் உலகத் தளங்களைக் கணக்கெடுத்து வருகிறது. 2011-ம் ஆண்டின் தொடக்கத்தில் வேர்ட்பிரசின் பங்கு 13 சதவீதம். 2015-ல் 23. 2020-ல் 35. 2022-ல் 43! அதன் பிறகு ஏற்றம் நின்றுபோய், அந்த இடத்தை ஒட்டியே இருந்து வருகிறது.

அடுத்த இடத்தில் இருப்பது கடைக்காரர்களுக்கான "ஷாப்பிபை". கனடா நாட்டுக் கம்பெனி. அதன் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதற்கடுத்து இஸ்ரேல் நாட்டு "விக்ஸ்". முதல் இடத்துக்கும் இரண்டாவது இடத்துக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

ஒரு காலத்தில் வேர்ட்பிரசோடு போட்டிபோட்டவை "ஜூம்லா", "ட்ரூபல்" இரண்டும். அவையும் இலவசம்தான். ட்ரூபலை எழுதியவர் பெல்ஜியம் நாட்டு மாணவர் டிரைஸ் பொய்டார்ட். வெளிவந்த ஆண்டு 2001. வேர்ட்பிரசுக்கு மாறும் முன் வெள்ளை மாளிகை 2009 முதல் ட்ரூபலில்தான் இருந்தது. நம் மத்திய அரசின் "மைகவ்" தளமும் ட்ரூபலில் அமைக்கப்பட்டதே. பெரிய அலுவலகங்களுக்கு அது பொருத்தம். ஆனால் புதியவர் உட்கார்ந்து ஒரே நாளில் கற்றுக்கொள்ளும் சமாசாரம் அல்ல. இன்று ஜூம்லாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. ட்ரூபல் 1 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது.

தரத்தில் ஜெயித்ததா, கூட்டத்தில் ஜெயித்ததா என்று நிபுணர்கள் வாதாடலாம். ஒரு காலத்தில் அம்பாசிடர் கார் எந்த ஊரில் நின்றாலும் பக்கத்திலேயே மெக்கானிக் கிடைப்பார், பாகமும் கிடைக்கும். வேர்ட்பிரசுக்கும் அந்த வசதி உண்டு. ஒரு ஆள் பாதியில் விட்டுப்போனால், இன்னொரு ஆளைப் பிடிப்பது சிரமம் அல்ல.

ஊர்த் தளம் ஒரே அச்சில்

மும்பையில் இருந்துகொண்டு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத் தளங்களைத் திறந்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். மதுரை மாவட்டத் தளமும் சரி, மற்ற மாவட்டத் தளங்களும் சரி, ஒரே ஜாடையில் இருக்கும். படமும் பெயரும்தான் வேறு. தேசிய தகவலியல் மையம் அரசுத் தளங்களுக்காக "எஸ்3வாஸ்" என்ற பொது ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. மாவட்ட அலுவலகம் தனியாக ஆள் வைத்துத் தளம் கட்டவேண்டியது இல்லை. அச்சு தயாராக இருக்கிறது. ஊழியர் விஷயத்தை நிரப்பினால் போதும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பார்க்கலாம்.

திருடர்களுக்கும் பிடித்த பூட்டு

எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் பூட்டு இருந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம். ஒரு வீட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டால் ஊரையே திறக்கலாம்.

2017-ம் ஆண்டு தொடக்கத்தில் வேர்ட்பிரசில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதை அடைக்கும் திருத்தமும் உடனே வெளியிடப்பட்டது. ஆனாலும் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத தளங்களில் புகுந்து, லட்சக்கணக்கான பக்கங்களை விஷமிகள் அலங்கோலப்படுத்திவிட்டார்கள்.

ட்ரூபலுக்கு வந்த சோதனை இன்னும் கடுமை. 2014-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. "அறிவித்த 7 மணி நேரத்துக்குள் அடைக்காத தளம் திருடர் கையில் போய்விட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்" என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே பிறகு எச்சரித்தது. ஏழு மணி நேரம்! ராத்திரி தூங்கி எழுவதற்குள் போய்விட்டது.

பெரும்பாலான திருட்டு நடப்பது பழைய பிளக்-இன் வழியாகத்தான். பணம் கொடுத்து வாங்கவேண்டிய பிளக்-இன்னைத் திருட்டுப் பிரதியாக வாங்கிப் போடுவதும் ஆபத்து. பல திருட்டுப் பிரதிகளில் திருடன் நுழையும் வாசலையும் சேர்த்தே வைத்துக் கொடுக்கிறார்கள்.

சாவி யாரிடம்?

மும்பையில் ஒரு சிறு வியாபாரி. அல்லது ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். தெரிந்த பையன் ஒருவன் வருகிறான். "அண்ணாச்சி, வெப்சைட் வைத்தால் ஆர்டர் குவியும். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். அவரும் ஒரு தொகையைக் கொடுக்கிறார். தளம் வருகிறது. விசிட்டிங் கார்டு, கடை போர்டு, பில் புத்தகம் எல்லாவற்றிலும் முகவரியை அச்சடித்தாகிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்துப் பையனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விடுகிறான். ஒருநாள் தளம் திறக்கவில்லை. விசாரித்தால், தளத்தின் பெயரை அவன் தன் பெயரிலேயே வாங்கியிருக்கிறான். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் எல்லாம் அவன் ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. ரகசிய எண் அவன் செல்போனுக்கு வருகிறது. அவன் மோசக்காரன்கூட அல்ல, மறந்துவிட்டான், அவ்வளவுதான். ஊர் ஊராக நடக்கும் கதை இது.

"டாட் காம்" பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால், அபராதம் கட்டி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதையும் தவறவிட்டால், பெயர் சந்தைக்கு வந்துவிடும். அதை வேறு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கடையின் பெயரில் யாரோ ஒருவர் சூதாட்ட விளம்பரம் போடுவதும் நடக்கிறது.

சாவி ஒன்று அல்ல, மூன்று. தளத்தின் பெயர் ஒன்று. அது தங்கியிருக்கும் செர்வரின் கணக்கு இன்னொன்று. வேர்ட்பிரசின் நிர்வாகி பாஸ்வேர்ட் மூன்றாவது. இவற்றில் முதல் சாவி சொந்தக்காரரிடம் இருந்தால், மற்ற இரண்டு போனாலும் வேறு இடத்தில் தளத்தைக் கட்டிக்கொள்ளலாம். முதல் சாவி போனால், வீட்டு நம்பரே போனமாதிரி.

ஷாப்பிபை, விக்ஸ் போன்றவை வாடகை வீடு. மாதா மாதம் வாடகை கொடுத்தால், பூட்டு, தண்ணீர், விளக்கு எல்லாவற்றையும் வீட்டுக்காரர் கவனித்துக்கொள்வார். பெரிய நிம்மதிதான். காலி செய்யும்போது சரக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகலாம். சுவரில் அடித்த அலமாரி அங்கேயே இருக்கும்.

சொந்த வீட்டிலும் சண்டை

வேர்ட்பிரஸ் என்றால் யாரும் அசைக்க முடியாது என்று எண்ணியிருந்தவர்களுக்கு 2024-ம் ஆண்டில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது.

முல்லன்வெக்குக்கு "ஆட்டோமேட்டிக்" என்ற கம்பெனி இருக்கிறது. வேர்ட்பிரஸ் தளங்களைத் தங்கவைக்கும் "டபிள்யூ.பி. என்ஜின்" என்ற கம்பெனியோடு அவருக்குத் தகராறு மூண்டது. செப்டம்பர் மாதம், பிளக்-இன் வழங்கும் மையத் தளத்தை அந்தக் கம்பெனி பயன்படுத்த முடியாதபடி அவர் தடுத்துவிட்டார். சண்டை இரண்டு கம்பெனிக்கு. திண்டாடியது அங்கே தளம் வைத்திருந்த வாடிக்கையாளர்கள். அக்டோபரில் டபிள்யூ.பி. என்ஜின் கோர்ட்டுக்குப் போனது. டிசம்பர் மாதம், தடையை நீக்கும்படி கலிபோர்னியா கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது.

மென்பொருள் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் திருத்தங்கள் வந்துசேரும் குழாய் ஒருவர் கட்டுப்பாட்டில் இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

கற்றுக்கொள்ள வழி

இத்தனைக்குப் பிறகும் வேர்ட்பிரஸ் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, டிராவல்ஸ், பத்திரிகை என்று எங்கு பார்த்தாலும் தளத்தில் தினசரி விஷயம் ஏற்ற ஆள் தேவை. ஆங்கிலத்தோடு தமிழிலும் பிழையில்லாமல் டைப் செய்பவர் என்றால் கூடுதல் மதிப்பு.

மென்பொருளை சொந்த கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பழகலாம். செர்வர் வாங்கவேண்டியது இல்லை. தமிழ் உள்பட பல மொழிகளில் தொண்டர்கள் மொழிபெயர்த்து வருகிறார்கள். வேர்ட்பிரஸ்காரர்கள் கூடும் ஆசிய மாநாடு 2023-ல் பாங்காக், 2024-ல் தைபே, 2025-ல் மணிலா நகரங்களில் நடந்தது. அடுத்த மாநாடு 2026-ல் மும்பையில் என்று மணிலாவில் அறிவித்தார்கள்.

ஏற்கனவே தளம் வைத்திருப்பவர்கள் பெயரைப் பதிவுசெய்த கம்பெனி எது, பதிவில் இருக்கும் ஈமெயில் யாருடையது, எந்தத் தேதியில் காலாவதி என்ற மூன்றையும் தளம் கட்டிக் கொடுத்தவரிடம் இன்றைக்கே கேட்கலாம். அவர் ஊரில் இருக்கும்போதே கேட்டுவிடுவது சுலபம். கடை லைசென்சு புதுப்பிக்கும் நாளைக் குறித்துவைத்த டைரியிலேயே அந்தத் தேதியையும் எழுதிவைத்துக்கொள்ளலாம்.