பெட்டியில் பணம் இருக்கிறது... லாபம் இருக்கிறதா?

‘விற்பனை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால், வருஷக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எங்கே தவறு?’ மதிப்புக்கூட்டும் தொழிலில் இறங்கிய விவசாயிகள் பலருக்கும் இருக்கும் கேள்வி இது. இதற்கு விடை தேட கொல்லிமலைச் சாமை நல்ல பாடம்.

நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இருக்கிறது கொல்லிமலை. சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் பரம்பரைப் பயிர்கள். சாமையில் மட்டுமே கட்டவெட்டிச் சாமை, மல்லியசாமை, திருகுலசாமை என்று பல ரகங்கள் உண்டு. ஆனால், ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி உடனடிப் பணம் கொடுத்ததால், சாமை நிலம் சுருங்கிக்கொண்டே வந்தது. உரலில் குத்தி உமி நீக்கும் பாடு பெண்கள் தலையில் விழுந்ததும் ஒரு காரணம்.

இந்த நிலையில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்கிராமங்களில் சுயஉதவிக் குழுக்களை அமைத்து, சிறிய அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்தது. சாமை அரிசி, ரவை, மாவு என்று விற்பனை தொடங்கியது. குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பும் உருவானது. குத்தும் பாடு குறைந்தது. ஆனால், இயந்திரம் வந்த இடத்தில் கணக்கும் வந்தாக வேண்டும்.

நூறு கிலோவில் எத்தனை கிலோ?

ஓர் உதாரணக் கணக்கு. 100 கிலோ சாமையை கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினால் 4,000 ரூபாய். அரவை, பை, வண்டி வாடகைக்கு 1,200. ஆக 5,200 ரூபாய். 60 கிலோ அரிசி கிடைத்து, கிலோ 105 ரூபாய்க்கு விற்றால் வரவு 6,300. 1,100 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால், இரண்டு பேர் ஒரு நாள் உழைத்த கூலி 800 ரூபாயைச் சேர்த்தால், நிற்பது 300 மட்டும்தான்.

இதே மூட்டையில் 55 கிலோ அரிசிதான் கிடைக்கிறது என்றால்? வரவு 5,775. கூலியோடு சேர்த்த செலவு 6,000. அதாவது 225 ரூபாய் நஷ்டம்! விலை இறங்கவில்லை. காயாத தானியமோ, தேய்ந்த இயந்திரமோ ஐந்து கிலோவை நொய்யாகவும் உமியாகவும் கொண்டுபோய்விட்டது. இயந்திரத் தேய்மானத்தையும் சேர்த்தால் நஷ்டம் இன்னும் கூடும்.

தன் கூலியை எழுதாதவர் லாபத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். அதனால்தான் பலருக்கு நஷ்டம் கண்ணில் படுவதே இல்லை.

மாதம் ஒருமுறை ஐந்து கேள்விகள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாதக் கடைசியில் குழுவாக உட்கார்ந்து இவற்றை எழுத வேண்டும்.

1. 100 கிலோவுக்கு எத்தனை கிலோ அரிசி கிடைத்தது? போன மாதத்தைவிடக் கூடுதலா, குறைவா?

2. எங்கள் கூலியையும் சேர்த்து, ஒரு கிலோவின் அடக்க விலை என்ன?

3. கடைகளில் எவ்வளவு பாக்கி நிற்கிறது? எத்தனை நாளாக நிற்கிறது?

4. திரும்பி வந்த பாக்கெட்டுகள் எத்தனை? உமி நீக்கிய சாமை அரிசி நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். தானியமாக இருப்பு வைத்து, ஆர்டருக்கு ஏற்ப அரைப்பதே பாதுகாப்பு.

5. வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடியும் வாங்கினார்கள்?

ஒருமுறை எழுதிவிட்டு நிறுத்தினால் பயனில்லை. மூன்று மாதக் கணக்கைப் பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்க்கும்போதுதான் ஓட்டை எங்கே என்பது தெரியும். குறையைக் கண்டுபிடித்தவர் மீது கோபப்படாமல் இருப்பதும் முக்கியம். கணக்கு எழுதுபவரையும் பணம் வைத்திருப்பவரையும் வேறு வேறு ஆளாக வைத்தால், சந்தேகத்துக்கே இடம் இருக்காது.

நிலம் யார் பக்கம்?

கொல்லிமலையில் இந்தக் கணக்கு குழுவோடு முடிந்துவிடுவதில்லை. அரவை நிலையம் நஷ்டத்தில் மூடப்பட்டால், சாமைக்கு வாங்க ஆள் இருக்காது. அடுத்த விதைப்பில் அந்த நிலம் மரவள்ளிக்குப் போய்விடும். இரண்டு, மூன்று வருஷம் விதைக்காமல் விட்ட ரகத்தின் விதையைத் திரும்பத் தேடுவது சுலபமல்ல.

அதனால், அடுத்த விலை உயர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒரு மூட்டையை எடை போட்டு அரைத்து, கிடைத்த அரிசியை மறுபடியும் எடை போட்டுப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்தத் தராசிலேயே இருக்கும்.