டைப்பிங்: நண்பர் சொல்வதைக் கேட்பதா, ஆசிரியர் சொல்வதைக் கேட்பதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டிற்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு யோசனையை விட்டுவிட்டுத்தான் போவார்கள். அவற்றில் பலவற்றைப் பின்னால் சரி செய்துவிடலாம். வால்பேப்பர் பிடிக்கவில்லையா, பழையதையே வைத்துக் கொள்ளலாம். புரோகிராம் வேண்டாமா, நீக்கிவிடலாம். ஆனால் டைப்பிங் பற்றிச் சொல்லப்படும் யோசனை அப்படிப்பட்டதல்ல. அது விரல்களில் போய் உட்கார்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதை அன்இன்ஸ்டால் செய்ய எந்தப் புரோகிராமும் கிடையாது.

வழக்கமாகச் சொல்லப்படுபவை இவைதான். "எந்த விரலால் அடித்தால் என்ன, எழுத்து வந்தால் போதும்." "தினமும் சாட் செய், வேகம் தானாக வரும்." "கீபோர்டுக்குப் பின்னால் இரண்டு கால்கள் இருக்கிறதே, அதைத் தூக்கி விடு." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். அவரே வேகமாக டைப் செய்பவராகவும் இருக்கலாம். அதனால்தான் நாமும் நம்பிவிடுகிறோம்.

நன்றாகச் செய்யத் தெரிவதும் கற்றுக்கொடுக்கத் தெரிவதும் வேறு வேறு. கோல்ஃப் விளையாட்டில் இந்த இரண்டிற்கும் தனித்தனி அமைப்புகளே இருக்கின்றன. அமெரிக்காவில் கற்றுக்கொடுப்பவர்களுக்குப் பயிற்சியும் தகுதியும் அளிக்கும் பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்கா 1916-ல் தொடங்கியது. டிவியில் நாம் பார்க்கும் போட்டி வீரர்கள் 1968-ல் அதிலிருந்து பிரிந்து தனி அமைப்பானார்கள். பயிற்சி மைதானத்தில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு விளையாட்டுக்காரர், பந்து தப்பிப் போனதும் "தலையைக் குனிந்தே வை" என்பார். அவர் பார்த்தது பந்து போன இடத்தை. ஆசிரியரோ பந்தை விட்டுவிட்டு, மட்டையைப் பிடித்திருக்கும் விதத்தையும் நிற்கும் விதத்தையும் பார்ப்பார்.

டைப்பிங்கிலும் இதே கதைதான். நண்பர் உங்கள் மானிட்டரைப் பார்க்கிறார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஆசிரியர் உங்கள் கைகளைப் பார்க்கிறார். மானிட்டரில் வார்த்தை சரியாக வந்திருக்கும். ஆனால் அதை எந்த விரல் அடித்தது, அடிப்பதற்கு முன் கண் எங்கே போனது, மணிக்கட்டு எப்படி வளைந்தது என்பதெல்லாம் அதில் தெரியாது.

கண் எங்கே போகிறது என்பது ஏன் முக்கியம்? இதற்கு 1888-ல் நடந்த ஒரு போட்டியைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 25 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிராங்க் மெக்கரின், லூயிஸ் டாப் என்ற இருவர் டைப்ரைட்டரில் மோதினார்கள். மெக்கரின் எல்லா விரல்களையும் பயன்படுத்தி, கீகளைப் பார்க்காமலே அடிப்பவர். டாப் பார்த்து அடிப்பவர். அவரும் சாதாரண ஆள் அல்ல, அந்தத் தொழிலில் பெயர் பெற்றவர். ஒருவர் சொல்லச் சொல்ல அடிப்பது ஒரு சுற்று, தாளைப் பார்த்து அடிப்பது இன்னொரு சுற்று. இரண்டிலும் மெக்கரினுக்கே வெற்றி. அவர் கண் தாளை விட்டு அகலவில்லை. டாப் தாளுக்கும் கீகளுக்குமாகப் பார்வையை மாற்றிக் கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இப்படியும் ஒரு முறை உண்டு என்பது அதன் பிறகுதான் ஊரெங்கும் பரவியது.

ஆனால் எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் 30 பேரை டைப் செய்ய வைத்து, ஒவ்வொரு விரலின் அசைவையும் கேமராக்களால் பதிவு செய்தார்கள். தாங்களாகவே பழகியவர்களில் சிலர், முறையாகக் கற்றவர்களுக்கு இணையான வேகத்தில் அடித்தார்கள். அவர்கள் சராசரியாகப் பயன்படுத்தியது ஆறு விரல்கள்தான்! "நான் அப்பவே சொன்னேனே" என்று உங்கள் நண்பர் துள்ளிக் குதிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். அப்படி வேகமாக அடித்தவர்கள் ஒரு கீயை எப்போதும் ஒரே விரலால்தான் அடித்தார்கள். கைகளை அங்கும் இங்கும் அலைய விடவில்லை. அடுத்த எழுத்துக்கு விரலை முன்கூட்டியே கொண்டு போய் நிறுத்தினார்கள். இன்ஸ்டிடியூட்டில் முதல் மாதம் சொல்லித் தருவதும் ஏறக்குறைய இதைத்தான். தவிர, தாங்களாகப் பழகியவர்கள் கீபோர்டைப் பார்த்த நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆகவே "எந்த விரலால் அடித்தாலும் சரி" என்ற யோசனையைத் தள்ளிவிடலாம். இன்று நடுவிரல், நாளை ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி அடித்தால் விரல்களுக்கு எதுவும் மனப்பாடம் ஆகாது. சாட் செய்தால் வேகம் வரும் என்பதும் பாதி உண்மைதான். எந்தப் பழக்கம் இருக்கிறதோ அது வேகமாகும். தவறான பழக்கமும் வேகமாகும்.

இப்போது உங்கள் கீபோர்டைப் பாருங்கள். எஃப், ஜே ஆகிய இரு கீகளின் மேல் சிறிய மேடு இருக்கும். தடவினால் தெரியும். இடது ஆள்காட்டி விரல் எஃப் மேலும், வலது ஆள்காட்டி விரல் ஜே மேலும் இருக்க வேண்டும். மற்ற விரல்கள் பக்கத்துக் கீகளில் வரிசையாக அமரும். கட்டை விரல் ஸ்பேஸ் பாருக்கு. பார்க்காமலே கை வீடு திரும்புவதற்காக வைத்த அடையாளம்தான் அந்த மேடு. இதனால்தான் இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே' என்று பக்கம் பக்கமாக அடிக்க வைக்கிறார்கள். அலுப்பாகத்தான் இருக்கும். அப்பா, அத்தை காலத்தில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். (6 என்ற எண் எந்தக் கைக்கு உரியது என்பதில் மட்டும் ஆசிரியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. உங்கள் ஆசிரியர் சொல்வதையே வைத்துக் கொள்ளுங்கள்.)

கீபோர்டின் பின்பக்கக் கால்கள் விஷயத்திற்கு வருவோம். அவற்றைத் தூக்கி வைத்தால் எழுத்துகள் நன்றாகத் தெரியும். ஆனால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தபடியே இருக்கும். தினமும் மணிக்கணக்கில் இப்படி வேலை செய்தால் வலி வர வாய்ப்பு அதிகம். கால்களை மடக்கிவிடுங்கள். கீபோர்டு முழங்கை உயரத்தில் இருக்கட்டும். அடிக்கும்போது மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்ற வேண்டாம். விரல்களில் மரத்துப்போன உணர்வு தொடர்ந்து இருந்தால் நண்பரிடமும் கேட்க வேண்டாம், டைப்பிங் ஆசிரியரிடமும் கேட்க வேண்டாம்; டாக்டரைப் பாருங்கள்.

டைப்பிங் டியூட்டர் சாப்ட்வேர் போதாதா என்று கேட்கலாம். 1987-ல் வெளிவந்த 'மேவிஸ் பீக்கன் டீச்சஸ் டைப்பிங்' உலகம் முழுவதும் விற்றது. அட்டையில் இருந்த பெண்மணியை உண்மையான டைப்பிங் ஆசிரியை என்றே பலர் நம்பினார்கள். மேவிஸ் பீக்கன் என்று ஒருவர் கிடையாது. அது கம்பெனி வைத்த பெயர், படத்தில் இருந்தவர் ஒரு மாடல். அதற்காக இத்தகைய சாப்ட்வேரைக் குறை சொல்ல முடியாது. பயிற்சி தருவதிலும் தவறுகளை எண்ணிக் காட்டுவதிலும் அது கெட்டிக்காரத்தனமானது. ஆனால் எந்தக் கீ அழுத்தப்பட்டது என்பதுதான் அதற்குத் தெரியும். எந்த விரல் அழுத்தியது என்பது தெரியாது. முதல் சில வாரங்கள் ஆசிரியரிடம், பிறகு வீட்டில் சாப்ட்வேருடன் என்பதுதான் என் யோசனை.

தமிழில் டைப் செய்ய விரும்புபவர்கள் இன்ஸ்டிடியூட்டில் சேருமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "எந்தக் கீபோர்டு முறை?" பல இடங்களில் தருவது பழைய தமிழ் டைப்ரைட்டர் முறை. அரசுத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். வீட்டில் கடிதமும் கட்டுரையும் எழுதுவதற்கு, 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறை எளிது. உயிர் எழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம் என்பதால் கைகள் மாறி மாறி வேலை செய்யும். ஒரே எழுத்து இரட்டித்தால் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு கீகள் போதும். 'தந்தை'க்கும் நான்குதான்: த, ந, த, ஐ. இதையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் எட்டு கீகள் வரை ஆகும். "தமிழுக்குத் தனியாக எதற்குக் கற்க வேண்டும், இங்கிலீஷிலேயே அடி" என்ற யோசனையைக் கேட்குமுன் இதை எண்ணிப் பாருங்கள். இரண்டு வரி மெசேஜுக்கு ஒலிபெயர்ப்பு முறை போதும். பத்துப் பக்கத்துக்கு அது வீண் உழைப்பு.

விண்டோஸ் 11-ல் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ் பிரிவில் டைம் அண்ட் லாங்வேஜ், பிறகு லாங்வேஜ் அண்ட் ரீஜியன் சென்று தமிழைச் சேர்த்திடுங்கள். தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் திறந்தால், ஆட் எ கீபோர்டு என்ற பட்டனில் தமிழ்99 கிடைக்கும். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

இன்ஸ்டிடியூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது போர்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஆசிரியர் தொழில்நுட்பத் தேர்வில் ஹையர் முடித்தவரா என்று கேளுங்கள். லோயருக்கு நிமிடத்திற்கு 30 வார்த்தைகள், ஹையருக்கு 45. பிறகு பத்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். மாணவர்களின் பின்னால் நடந்து கைகளைக் கவனிக்கிறாரா, அல்லது மெஷினைக் காட்டிவிட்டு வாசலில் போய் நிற்கிறாரா?

ஏற்கனவே இரண்டு விரலில் பழகியவர்கள் ஒன்றை எதிர்பார்த்தே சேர வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் உங்கள் வேகம் பாதியாகக் குறையும். பலர் விட்டுவிட்டு ஓடுவது இந்த இடத்தில்தான். அந்த வாரங்களில் அவசர வேலை வந்தால் பழைய முறையில் அடித்துத் தொலையுங்கள், தவறில்லை. ஆனால் பயிற்சி நேரத்தில் பழைய விரல்களுக்கு இடம் தராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் அரை மணி நேரம் நல்லது. கண் கீபோர்டுக்குப் போய்க் கொண்டே இருந்தால் ஒரு கைக்குட்டையை இரு கைகளின் மேலும் போர்த்திக் கொண்டு அடியுங்கள்.