வழியில் கிடக்கும் கல்லை எடுக்கலாமா?

வழியில் முள் கிடந்தால் எடுத்து ஓரமாகப் போட வேண்டும், கல் கிடந்தால் காலால் தள்ளிவிட்டாவது போக வேண்டும் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பின்னால் வருகிறவர் காலில் அது குத்தாமல் இருந்தால் புண்ணியம் நமக்கு என்பது அவர்கள் கணக்கு. இந்த நல்ல பழக்கமே தவறாகிப் போகிற ஓர் இடமும் உலகத்தில் உண்டு. அதுதான் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் காட்டுப் பாதை. அங்கே ஒரு கல்லை, ஒரு வேரை, ஒரு மரத்துண்டை யாரையும் கேட்காமல் அகற்றுவது பெரிய குற்றமாகக் கருதப்படுகிறது.

நம் அங்கத்தினர் குடும்பங்களில் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை மலைக்குச் சைக்கிளில் போனோம்" என்று அவர்கள் சொல்லும்போது, நாம் மனத்தில் நினைப்பது தார்ச் சாலையை. அவர்கள் போவது பாறையும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில்! அந்தப் பாதையின் சங்கதிகளை நாமும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பழைய சைக்கிளில் தொடங்கியது

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்று ஒரு மாவட்டம். அங்குள்ள இளைஞர்கள் சிலர், பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலையின் மண் பாதைகளில் இறங்கி ஓட்டி மகிழ்ந்தார்கள். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி முதல் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் அந்தக் காலத்து பிரேக், கீழே வந்து சேர்வதற்குள் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர்கள். அங்கே தொடங்கிய விளையாட்டு 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் வரை போய்விட்டது.

கூடவே சண்டையும் வந்தது. நடந்து போகிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் சைக்கிள்காரர்கள் மேல் புகார் சொன்னார்கள். பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அப்போது கலிபோர்னியாவின் சில சைக்கிள் சங்கங்கள் ஒன்றுகூடி 1988-இல் 'இம்பா' என்ற சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தை அமைத்தன. பாதையில் எப்படி நடந்துகொள்வது என்று இந்தச் சங்கம் விதிகள் வகுத்தது. பாதையை எப்படி அமைப்பது என்றும் அது கற்றுக் கொடுத்தது.

கல் அங்கே சும்மா இல்லை

நன்கு அமைக்கப்பட்ட பாதையில் ஒரு கல்லுக்கு நாலு வேலை இருக்கலாம்.

முதல் வேலை, எச்சரிக்கை. பனிச்சறுக்குப் பாதைகளுக்கு இருப்பதுபோல இங்கும் தரக் குறியீடுகள் உண்டு. இம்பா வகுத்த முறையில், பச்சை வட்டம் போட்ட எளிய பாதையில் விலக முடியாத தடை 2 அங்குல உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நீலச் சதுரம் என்றால் 8 அங்குலம் வரை. கறுப்பு வைரம் என்றால் 15 அங்குலம் வரை. கடினமான பாதையின் வாசலிலேயே ஒரு பெரிய பாறையை வேண்டுமென்றே விட்டு வைப்பார்கள். அதைத் தாண்டத் தெரியாதவர் அங்கேயே திரும்பிவிடுவார். இந்தப் பாறையை யாரோ ஒரு புண்ணியவான் புரட்டித் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? கற்றுக்குட்டி ஒருவன் சுலபமாக உள்ளே நுழைந்துவிடுவான். அரை மைல் தள்ளி, திரும்ப வழியில்லாத இடத்தில், அதைவிடப் பெரிய இறக்கம் அவனுக்காகக் காத்திருக்கும்.

இரண்டாவது, வேகத்தைக் குறைப்பது. நம் தெருக்களில் வேகத்தடை போடுகிறோம் அல்லவா? மலையில் அந்த வேலையைக் கல்லும் வேரும் செய்கின்றன. எதிரே நடந்து வருகிறவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. வழவழவென்று ஆக்கிவிட்டால் வேகம் கூடும், விழுந்தால் அடியும் கூடும்.

மூன்றாவது, வளைவைக் காப்பது. வளைவின் உட்புறம் கற்களை அடுக்கி வைப்பது, யாரும் குறுக்கே வெட்டிப் போகாமல் இருப்பதற்காக. இப்போது கைபேசியும் கைக்கடிகாரமும் ஒவ்வொருவர் ஓட்டிய நேரத்தையும் கணக்கிட்டு வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. இரண்டு விநாடி மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் அந்தக் கற்களைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. ஒருவர் வெட்டிய குறுக்கு வழியில் பத்துப் பேர் போனால் அதுவே பாதையாகிவிடுகிறது.

நாலாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: மண்ணைப் பிடித்து வைப்பது. பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். மலைச்சரிவில் பாதை வெட்டும்போது வெளிப்பக்கம் சற்றே சாய்வாக வெட்டி, மழைநீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்து இறங்கும்படி செய்வார்கள். சரிவான இடங்களில் கல் பாவுவார்கள். புதைந்து கிடக்கும் ஒரு பாறையைப் பெயர்த்தால் அங்கே குழி விழுகிறது. குழியில் நீர் தேங்குகிறது. சேற்றைத் தவிர்க்க அடுத்தவர் பக்கவாட்டில் போகிறார். இரண்டடி அகலப் பாதை சில மாதங்களில் எட்டடிச் சேறாகிவிடும். வேரை வெட்டினாலோ மண்ணின் பிடி போவதோடு மரத்துக்கும் கேடு.

மழைக் காலத்துப் பாதை

இதனால்தான் பாதையின் நிலை என்ன என்று கேட்டுக்கொண்டு புறப்படுவதை நல்ல ஓட்டிகள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். ஈர மண்ணில் டயர் ஆழமாகப் பதிந்தால் அந்தத் தடம் காய்ந்து இறுகி, அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். பின்னால் திரும்பிப் பார்த்து, தடம் பதிகிறது என்றால் திரும்பிவிட வேண்டும் என்பது பொது வழக்கம். வழியில் சிறு குட்டை இருந்தால் சுற்றிக்கொண்டு போகாமல் நடுவிலேயே போக வேண்டும். சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம், அகன்றுபோன பாதையைச் சுருக்குவது எளிதல்ல!

ஒரு பலகையால் போன பந்தயம்

சொல்லாமல் ஒரு பொருள் இடம் மாறினால் என்ன நேரும் என்பதை உலகமே பார்த்தது, டோக்கியோ ஒலிம்பிக்கில். 2021 ஜூலை 26 அன்று இஸு என்ற இடத்தில் ஆண்கள் மலைச் சைக்கிள் போட்டி. நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூல் தங்கம் வெல்லக்கூடியவர் என்று கருதப்பட்டவர். முதல் சுற்றிலேயே ஒரு பாறை இறக்கத்தில் தலைகுப்புற விழுந்தார். பயிற்சியின்போது அங்கே ஒரு பலகை சாய்வாகப் போடப்பட்டிருந்தது. போட்டி நாளில் அது இல்லை. பலகை இருக்கும் என்று நம்பி வந்ததாக அவர் பின்னர் சொன்னார். பந்தயத்தை அவரால் முடிக்க முடியவில்லை. தங்கம் பிரிட்டனின் டாம் பிட்காக்குக்குப் போயிற்று.

அங்கே பலகையை எடுத்தவர்கள் போட்டி அமைப்பாளர்கள். அதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, மற்ற வீரர்களுக்கு அது தெரிந்தும் இருந்தது. தெரியாமல் போன ஒருவருக்கு, அவர் உலகத்தரம் வாய்ந்த வீரராக இருந்தும், இந்தக் கதி. அப்படியிருக்க, போன வாரம் இருந்த மரச் சாய்வை நம்பி இந்த வாரமும் வேகமாக வருகிற ஒரு கல்லூரி மாணவனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

எடுப்பவரும் போடுபவரும்

கனடாவில் வான்கூவர் நகருக்கு எதிரே உள்ள வடகரை மலைகள் இந்த விளையாட்டில் புகழ்பெற்றவை. மழை மிகுந்த காடு. சீடர் மரத்தைப் பிளந்து ஏணிபோல் பாலங்கள் அமைத்து, டாட் ஃபியாண்டர் போன்றவர்கள் அங்கே புதுமையான பாதைகளை உருவாக்கினார்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பாதைகளில் பலவும் ஆரம்பத்தில் அனுமதி பெறாமல் அமைக்கப்பட்டவைதாம். 1997-இல் சைக்கிள்காரர்கள் சங்கம் அமைத்து, நில உரிமையாளர்களோடு பேசி, பாதைகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். தொண்டர்கள் மண்வெட்டியும் வாளியுமாக மழையில் நின்று செய்யும் வேலை அது.

அதே மலையில் வேறொரு சம்பவமும் நடந்தது. பாதைகளின் குறுக்கே மரக்கட்டைகளும் கற்களும் அடிக்கடி கிடப்பதைக் கண்ட ஓட்டிகள், ரகசியமாகக் காமிரா பொருத்தினார்கள். அதில் பதிவான ஒருவர் 2015-இல் கைதானார். பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வேகமாக வருகிறவன் முன்னால் ஒரு கட்டையைப் போடுவது உயிருக்கே உலை வைப்பதாகும். கல்லை எடுப்பவர் அப்படிக் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்ல, நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனாலும் பாதையை நம்பி வருகிறவனுக்கு இரண்டு பேருமே ஒரே தீங்கைத்தான் செய்கிறார்கள். பல பேர் பயன்படுத்தும் பாதையைத் தன் ஒருவர் விருப்பத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். நில உரிமையாளர் பொறுமை இழந்து வழியையே அடைத்துவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம்.

அப்படியானால் எதையுமே தொடக் கூடாதா?

அப்படியில்லை. புயலில் ஒடிந்து புதிதாக விழுந்த கிளை, உடைந்த கண்ணாடி, யாரோ போட்ட குப்பை இவற்றை எடுத்துப் போடலாம். அங்கே பாட்டி சொன்னது சரியே. கைக்கு அடங்காத மரம் விழுந்திருந்தால், படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பாதையைப் பராமரிக்கும் சங்கத்துக்கோ வன இலாகாவுக்கோ தெரிவிக்க வேண்டும். மண்ணில் ஊன்றியிருக்கும் கல்லையும் உயிருள்ள வேரையும் தொடக் கூடாது. தாண்ட முடியாத இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாதை கடினம் என்று உண்மையாகவே தோன்றினால், அடுத்த தொண்டு நாளில் மண்வெட்டியோடு போய் அங்கே கேட்கலாம். அந்தக் கல் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல அவர்களில் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

நம் நாட்டிலும் இந்த விளையாட்டு வளர்ந்து வருகிறது. 2022-இல் லே நகரில் உலகக் கோப்பைச் சுற்று ஒன்றே நடந்தது. பெருநகரங்களில் வாழும் நம் பிள்ளைகளும் விடுமுறை நாட்களில் அருகிலுள்ள குன்றுகளுக்குச் சைக்கிளோடு கிளம்புகிறார்கள். தலைக்கவசம் வாங்கிக் கொடுக்கும்போதே இந்த ஒரு வார்த்தையையும் சொல்லி அனுப்புவோம்: பாதையில் நீ கண்ட கல் உனக்கு முன்னால் யாரோ யோசித்து வைத்ததாக இருக்கலாம், உனக்குப் பின்னால் வருகிறவன் அதை நம்பியும் வரலாம், கேட்காமல் எடுக்காதே.