தோட்டத்து வீடும் சொந்த வீடும்

கேமரன் மலையில் கொழுந்தெடுக்கும் குடும்பங்களுக்குச் சம்பளமும் வீடும் ஒரே கதவின் வழியாக வருகின்றன. வேலை தருகிற தோட்டமே வீட்டையும் தருகிறது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும் என்பதே வழக்கம். அரசாங்கம் எதை முதலில் செய்ய வேண்டும் என்று பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

1929-இல் ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது இம்மலையில் பெரும்பகுதி காடு. வெளியூரிலிருந்து வந்த தொழிலாளி வேறெங்கே போய்த் தங்குவான்? லயத்து வீடுகள் அப்படித்தான் எழுந்தன. பின்னர், 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தோட்ட வீடுகளுக்கும் அடிப்படை வசதிகளுக்கும் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. 2019-இல் அது திருத்தப்பட்டு, தொழிலாளர்களுக்குத் தங்குமிடம் தரும் மற்ற முதலாளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால், வீடு ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று அது சொல்லுமே தவிர, வீடு உங்களுடையது என்று சொல்லாது.

சம்பளத்தில் முன்னேற்றம் உண்டு. 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக இருந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2023 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தந்தைக்கும் 7 நாள் உண்டு. இவையெல்லாம் வேலையில் இருக்கும்வரை துணை நிற்பவை. 60 வயதில் ஓய்வு பெற்று, லயத்தை விட்டு இறங்கும் அம்மாவும் அப்பாவும் எங்கே போவார்கள்? பிள்ளைகள் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வாடகை அறையில் இருந்தால் அங்கும் இடமில்லை.

கடன் வசதிக்கும் திட்டம் வந்தது. 2011-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், தேசிய சேமிப்பு வங்கி வழியாகத் தோட்டத் தொழிலாளருக்கு 60,000 ரிங்கிட் வரை வீட்டுக் கடன் என்று அறிவித்தார்கள். சேமநிதியில் 2024 மே முதல் மூன்று கணக்குகள் உண்டு. அவற்றுள் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். ஆயினும் பணம் இருந்தால் மட்டும் போதுமா? மலையில் சமநிலம் குறைவு. இருக்கிற கொஞ்சத்துக்கும் காய்கறித் தோட்டமும் தங்கும் விடுதியும் போட்டி. தாப்பாவில் மலிவாக வீடு கிடைத்தாலும், அங்கிருந்து விடியற்காலையில் கொழுந்துக்கு ஏற முடியுமா?

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. சம்பளமும் தொழிலாளர் சட்டமும் கூட்டரசின் கையில். நிலம் மாநிலத்தின் கையில். ஆகவே வீட்டு மனைக்காகக் கோலாலம்பூரை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தால் பயனில்லை. மனை ஒதுக்க வேண்டியது பகாங் அரசு. ரிங்லெட், தானா ராத்தா போன்ற ஊர்களுக்கு அருகே தோட்டக் குடும்பங்களுக்கென்று நிலம் ஒதுக்குவதே முதல் வேலை என்பது என் எண்ணம். வீடு அருகில் இருந்தால்தான், தேயிலை ஆலையிலும் சுற்றுலா விடுதியிலும் பட்டறையிலும் கிடைக்கும் வேலை நம் பிள்ளைகளுக்கு எட்டும்.

மனை வேண்டுவோர் தனித்தனியே அலைவதைவிட, தோட்டத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே பட்டியலாக எழுதுவது நல்லது. யார் எத்தனை ஆண்டு வேலை செய்கிறார், எப்போது ஓய்வு, வீட்டில் எத்தனை பேர் என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். அதன் ஒரு பிரதியைத் தானா ராத்தாவிலுள்ள மாவட்ட நில அலுவலகத்திலும், மற்றொன்றை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.