மாடியில் மரம்: நடுவது எளிது, பராமரிப்பது யார்?

நகரங்களில் மனையின் விலை ஏற ஏற, வீடுகளும் மேல்நோக்கி அடுக்கப்பட்டு வருகின்றன. கொல்லையும் கிணற்றடி வாழையும் இருந்த இடங்களில் இன்று பத்து, இருபது மாடிகள் எழும்புகின்றன. இழந்த பசுமையை மாடியிலேயே மீட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது வலுத்து வருகிறது. ஆனால் மாடியில் நிற்கும் மரமும் ஒரு பயிரே ஆகும். மண், நீர், உரம், கவாத்து, பூச்சிக் கட்டுப்பாடு ஆகிய ஐந்தும் அதற்கும் வேண்டும். இவற்றுக்குக் கட்டட வரைபடம் போடும்போதே வழி செய்ய வேண்டும். இதற்கு இத்தாலியிலும் சீனாவிலும் உள்ள இரண்டு குடியிருப்புகள் நல்ல சான்றுகளாகும்.

மிலான் நகரின் அனுபவம்

இத்தாலியின் மிலான் நகரில் 2014-ஆம் ஆண்டு 'போஸ்கோ வெர்ட்டிக்காலே' என்ற இரட்டைக் கோபுரக் குடியிருப்பு திறக்கப்பட்டது. 'செங்குத்துக் காடு' என்பது இதன் பொருள். ஸ்டெஃபானோ போயரி என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு இது. ஒரு கோபுரம் ஏறத்தாழ 110 மீட்டர் உயரமும், மற்றொன்று 80 மீட்டர் உயரமும் கொண்டவை. இவற்றின் பால்கனிகளில் சுமார் 800 மரங்களும், பல ஆயிரம் புதர்ச்செடிகளும் தரைபடர் செடிகளும் வளர்கின்றன.

இங்கு மரங்கள் கட்டடம் முடிந்தபின் வாங்கி வைக்கப்பட்டவை அல்ல. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே அவை நாற்றங்காலில் தனியாக வளர்க்கப்பட்டன. உயரத்தில் வீசும் காற்றை அவை தாங்குமா என்று காற்றுச் சுரங்கத்தில் சோதனை செய்யப்பட்டது. காற்றின் வேகம் இரு மடங்கானால் மரத்தின் மேல் அது செலுத்தும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே வேர்த்திரளைப் பட்டைகளால் தொட்டியுடன் பிணைத்தனர். காற்று அதிகம் படும் பெரிய மரங்களுக்கு எஃகுக் கூண்டும் அமைத்தனர். மரங்களுக்கான தொட்டிகள் சுமார் 1 மீட்டர் ஆழம் உள்ளவை. தண்ணீர் சொட்டுநீர்க் குழாய்கள் வழியே செல்கிறது.

செடிகளின் பராமரிப்பு தனித்தனி வீட்டாரிடம் விடப்படவில்லை என்பதே இங்கு முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. அவை குடியிருப்பின் பொதுச்சொத்து. செலவைக் குடியிருப்போர் பகிர்ந்துகொள்கின்றனர். பயிற்சி பெற்றவர்கள் மேல்தளத்திலிருந்து கயிற்றில் இறங்கிக் கவாத்து செய்கின்றனர். பூச்சிகளைக் கட்டுப்படுத்தப் பொறிவண்டுகளும் விடப்பட்டன.

செங்டு தரும் எச்சரிக்கை

சீனாவின் செங்டு நகரில் 2018-ஆம் ஆண்டு எட்டுக் கோபுரங்களில் 826 வீடுகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு பால்கனியிலும் செடிகள் வைக்கப்பட்டன. வீடுகள் விற்றும் போயின. ஆனால் 2020 செப்டம்பரில் சுமார் பத்துக் குடும்பங்களே அங்கு வசித்ததாகச் செய்திகள் வந்தன. ஆளில்லாத பால்கனிகளில் செடிகள் கட்டுக்கடங்காமல் வளர்ந்து தொங்கின. கொசுத் தொல்லை பெருகிற்று. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரில் செடி பிழைத்துக்கொள்ளும். அதை வெட்டி ஒழுங்கு செய்ய ஆள் வேண்டும் என்பது இதனால் விளங்கும். தமிழ்நாட்டின் தட்பவெப்பத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எடையைக் கணக்கிடுக

நீரில் ஊறிய தோட்டமண் 1 கனமீட்டர் சுமார் 2 டன் எடை இருக்கும். 3 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் கொண்ட ஒரு தொட்டியில் மண் மட்டுமே ஒன்றரை டன்னை நெருங்கிவிடும். அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ. குடியிருப்புப் பால்கனிகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் குறிப்பிடும் பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ மட்டுமே. எனவே ஏற்கெனவே கட்டிய பால்கனியில் பெரிய தொட்டி வைக்கும் முன் கட்டடப் பொறியாளரின் ஆலோசனை பெறுதல் அவசியம்.

மண்ணை மட்டும் நிரப்பாமல், செம்மண், நன்கு மக்கிய தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து இட்டால் எடை குறையும், ஈரமும் நிற்கும். மக்காத நார்க் கழிவை இடக்கூடாது.

நீரும் கொசுவும்

உயரம் கூடக் கூடக் காற்றினால் ஈரம் விரைவில் வற்றும். ஆகவே சொட்டுநீர் அமைப்பு சிறந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு இருந்தால் அது தொட்டியில் தங்கி இலை விளிம்பைக் கருக்கும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவது நல்லது. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை தவறாமல் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுவளர்ச்சி அடைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களே போதும்.

மரத்துக்குத் தரை, மாடிக்குச் செடி

மரத்தை மாடியில் தாங்க, கூடுதலான கான்கிரீட்டும் கம்பியும் தேவைப்படுகின்றன. அதே மரம் தரையில் நின்றால் இச்செலவு இல்லை, ஆயுளும் அதிகம். எனவே புதிய குடியிருப்புகளில் வளாகம் முழுவதன் அடியிலும் வாகன நிறுத்தம் தோண்டாமல், ஒரு பகுதியை உண்மையான மண்ணாகவே விட்டுவைக்க வேண்டும். அங்கே வேம்பும் புங்கமும் நடலாம். மழைநீரும் அங்கே நிலத்தில் இறங்கும்.

மாடிகளில் வெயில் படும் பக்கத்துக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, மருதாணி, துளசி ஆகியவை ஏற்றவை. நிழலும் காற்று மறைப்பும் உள்ள பக்கத்தில் வெற்றிலைக் கொடி நன்கு வரும். சுவரிடுக்கில் தானாக முளைக்கும் ஆல், அரசு கன்றுகளை உடனே வேரோடு நீக்க வேண்டும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி தோன்றினால் தாக்கப்பட்ட கிளைகளை வெட்டி அகற்றி, 1 லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய் வீதம் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம்.

வீடு வாங்குவோர் கேட்க வேண்டியவை

பசுமைக் குடியிருப்பு என்ற விளம்பரத்தைக் கண்டு முன்பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேட்பது நலம். தொட்டியின் எடையைக் கணக்கிட்டுப் பால்கனி கட்டப்பட்டுள்ளதா? வடிகால் எங்கே செல்கிறது? கவாத்து செய்ய ஆள் எப்படி அந்த இடத்தை அடைவார்? அச்செலவை மாதந்தோறும் யார் ஏற்பார்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தரும் கட்டடத்தில்தான் மரம் நிலைக்கும். பதில் இல்லாத இடத்தில் வீட்டுக்கு நான்கு தொட்டிச் செடிகளோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.